அம்மாவுக்கு எதுக்கு எடுத்தாங்க?

இளங்கோவிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடத்தையோ கிரிக்கெட்டையோ சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரியைத்தான் சொல்வான், அதுவும் பெண்கள் வார்டை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஜனங்கள் ஓடி வருகிற இடம் அது. அவனுக்கு மட்டும் நினைத்தாலே வாயில் சாத்துக்குடி இனிக்கும்.

அப்போது அவனுக்குப் பதினோரு வயது. அம்மா வேம்புலியம்மாளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அப்பா துலுக்கானம் ஆவடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஆம்பளைகளுக்கு அந்த வார்டில் இடமும் கிடையாது. அதனால் துணைக்குப் பிள்ளை. ஊரார் கண்ணுக்கு அவன் அன்று வேம்புலியம்மாளின் ஒரே மகள், பெயரும் பெண்பெயர். அந்தப் பெயரை அவனே எப்போதோ தலைமுழுகிவிட்டான். நாம் அதைத் தோண்டுவானேன்?

அம்மா நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று திருத்தணியில் அவனுக்கு மொட்டை போட்டு, குச்சி குச்சியாக முடி முளைத்திருந்த நேரம். ஓடியாட வசதி என்று பெரியப்பா பையனின் பழைய டவுசரும் சட்டையும். பக்கத்துக் கட்டில் ராணி அக்கா அவனைப் பார்த்தாள். "தம்பி, ஒரு டீ வாங்கியாடா கண்ணு. சக்கர தூக்கலா போடச் சொல்லு" என்று பிளாஸ்கை நீட்டினாள்.

அவன் அப்படியே நின்றான். தம்பி. அந்த ஒரு சொல்லை யாராவது தன்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்கியது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மா இதோ திருத்தப் போகிறாள் என்று பயந்துகொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். வேம்புலியம்மாள் கண்ணைத் திறந்தாள், பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். பிளாஸ்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் பாருங்கள், டீக்கடைக்காரர் யாரோ துரத்துகிறார்கள் என்றே நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வார்டு முழுக்க அவன் தம்பிதான். தம்பி, பன்னு. தம்பி, சிஸ்டரக் கூப்புடு. தம்பி, அந்த ஜன்னலச் சாத்து. ஒரே சிக்கல், சாயங்காலம் வாட்ச்மேன் வந்து ஆம்பளைகளை வெளியே அனுப்புகிற நேரம். அதற்கும் வேம்புலியம்மாள் வழி வைத்திருந்தாள். மஞ்சப் பையிலிருந்து கொலுசை எடுத்து அவன் காலில் மாட்டிவிடுவாள். அவன் வாட்ச்மேன் முன்னால் ஜல் ஜல்லென்று ஒரு நடை நடந்துவிட்டு வருவான். அவர் போனதும் கொலுசு பைக்குள் போய்விடும். முதல் நாள் ராணி அக்கா வாயைப் பிளந்தாள். "சர்தான். வாட்ச்மேனுக்குப் பொண்ணு, நமக்குத் தம்பி. டீ வந்தா போதும்ப்பா" என்றாள். வயிற்றில் தையலோடு படுத்திருந்த அத்தனை பெண்களும் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு சிரித்தார்கள். "சிரிக்க வெக்காதடி பாவி, பிரிஞ்சிக்கப் போது" என்று கத்திக்கொண்டே சிரித்தார்கள்.

அம்மா அங்கே அடிக்கவே இல்லை, திட்டவும் இல்லை. சாத்துக்குடியை உரித்தால் பாதிக்கு மேல் அவனுக்குத்தான். மத்தியானம் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தால் மேலேயிருந்து கை நீளும், குச்சிமுடியைத் தடவிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு அம்மாவை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வேப்பம்பட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழ். டவுசர் அடுப்புக்குள் போனது. முடியை வளர்க்கச் சொல்லி எண்ணெய் வைத்து வைத்து இழுத்தாள். வயதுக்கு வந்தபோது பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ரெகார்டு போட்டு ஊரையே கூட்டினாள். அவன் மணையில் உட்கார்ந்து அழுத அழுகையைக் கூச்சம் என்று ஊர் மெச்சியது. அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் சண்டைதான். வீட்டை விட்டு வந்தான், டாக்டரைப் பார்த்து ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டான், மார்பு ஆபரேஷன் செய்துகொண்டான், தாடி முளைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜம்புலிங்கம் என்பவருடைய லேத் பட்டறையில் ஆபரேட்டர் ஆனான். பக்கத்துக் கம்பெனியில் துணி தைத்துக்கொண்டிருந்த அனுசுயாவைக் காதலித்து, எல்லாம் சொல்லி, அவள் சரி என்றதும் கட்டிக்கொண்டான். மேனாம்பேட்டில் ஒரு வாடகை வீடு. கல்யாணத்தைச் சொல்லப் போன அன்று வேம்புலியம்மாள், "இனிமே எம்மூட்டுப் படி ஏறாத" என்றாள். அவனும் ஏறவில்லை. அதற்குள் அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஊசி ஆரம்பித்த சில மாதத்திலேயே நின்றுபோன மாத உதிரம், போன ஆடியில் திரும்பி வந்தது. வந்தது நிற்கவில்லை. பட்டறையில் ஆம்பளைகள் கக்கூஸில் குப்பைக்கூடை எங்கே இருக்கிறது? மாற்றிய நாப்கினைச் சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வீட்டுக்கு எடுத்து வருவான். லேடி டாக்டரிடம் போ என்று அனுசுயா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். தாடியும் மீசையுமாக அங்கே போய் எப்படி உட்காருவது என்று இவன் மசியவே இல்லை.

"சரி, நீ வராத. நான் போயி எனக்குன்னு சொல்லி மாத்திர வாங்கினு வரேன்" என்றாள் அனுசுயா.

கெட்டிக்காரத்தனம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். முகப்பேரில் ஒரு மகளிர் மருத்துவமனை, டாக்டர் மதிவதனி. அனுசுயா உள்ளே போய் அவனுடைய வலியைத் தன் வலியாகச் சொன்னாள். இவன் வெளியே கணவன்மார் பெஞ்சில். பக்கத்தில் இருந்த ஆள், "எத்தினியாவது மாசம், அண்ணாத்தே?" என்று விசாரித்தார். "இன்னும் இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை இவன் முழுங்கினான். கொஞ்சம் குறைந்தது, மறுபடி கூடியது. அடுத்த முறை போனபோது டாக்டர் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார். அனுசுயா பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா. கட்டி கிட்டி எதுவும் இல்லை, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

அனுசுயா முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். சொன்னதும் இவனுக்கும் உயிர் வந்தது. போகிற வழியில் வண்டியை நிறுத்தி பிரியாணி சாப்பிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நின்றபோது அனுசுயா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"யோவ், ஸ்கேன் எனக்குய்யா எடுத்தாங்க!"

வண்டியை ஓரங்கட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் இருவரும் சிரித்தார்கள். அப்புறம் வீடு வருகிற வரையில் அனுசுயா அவன் சட்டையை விடவில்லை.

கொஞ்ச நாளில் லேத் முன்னாலேயே மயங்கி விழுந்தான். ஜம்புலிங்கம் பதறிப்போய்ப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் மிகக் குறைவு என்று வந்தது. ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு ரத்தம் எங்கே போகும்? மூலம்தான் என்று பட்டறை மொத்தமும் முடிவு கட்டியது. முதலாளி தினமும் கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார். "வெக்கப்படாத இளங்கோ, எனக்கும் இருந்துது" என்று ரகசியமாக வேறு சொன்னார். நல்ல மனுஷர். அவருடைய கிழங்கைத் தின்று தின்று நாக்கு அரித்ததுதான் மிச்சம்.

அதற்கு மேல் அனுசுயா அவன் பேச்சைக் கேட்கவில்லை. முகப்பேருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் வாட்ச்மேன், "சார், ஜென்ட்ஸ் வெளிய உக்காருங்க" என்றார்.

"அவருதான் பேஷண்ட்" என்றாள் அனுசுயா. அவர் முழிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்கள்.

டாக்டர் மதிவதனி முழுக் கதையையும் கேட்டார். முதலில் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அனுசுயாவைத்தான் பிடித்தார். "இத்தனை மாசமா நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன்? ஊசி போடுறவங்களுக்கு ரத்தம் கெட்டியாகலாம். அதோட இந்த மாத்திரையும் சேர்ந்து எங்கயாவது ரத்தம் உறைஞ்சிருந்தா? நீங்க கொடுத்த மாத்திரையாலேயே அவரு போயிருப்பாரு, தெரியுமா?" அனுசுயா அழ ஆரம்பித்ததும் குரலை இறக்கினார். இவன் பக்கம் திரும்பி, "வர்றதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்றார்.

"இங்க எல்லாம் லேடீஸ் டாக்டர்" என்றான்.

"கர்ப்பப்பை இருக்கிறவங்க யாரா இருந்தாலும் நான்தான் பார்க்கணும், இளங்கோ. மேல் வயித்துலயே ஸ்கேன் பண்ணிடலாம். உள்ளே பரிசோதனை வேணும்னா உங்களைக் கேட்டுட்டுத்தான். நிறுத்துன்னு நீங்க சொன்னா நிறுத்திடுவேன்."

இந்த முறை ஸ்கேன் சரியான வயிற்றில் எடுக்கப்பட்டது. கர்ப்பப்பையில் பெரிய பெரிய கட்டிகள். எடுத்துவிடுவதே நல்லது என்றார். அவனுக்கும் அதில் வருத்தம் ஏதும் இல்லை. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க டாக்டர். நான்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டேன்" என்றான் இளங்கோ. குரலில் ஒரு பெருமை வேறு.

"எதுக்கு எடுத்தாங்க?"

வாயைத் திறந்தான். ராணி அக்காவுக்கு எவ்வளவு சர்க்கரை, எந்த ஜன்னலில் காற்று வரும், எந்த சிஸ்டர் சிடுசிடுப்பாள் எல்லாம் தெரியும். அம்மாவுக்கு என்ன வியாதி என்று மட்டும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்டதில்லை.

"அது சாதாரணக் கட்டியா, புற்றுநோயான்னு எனக்குத் தெரியணும். புற்றுன்னா உங்களுக்குச் சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும். கேட்டுட்டு வாங்க, அப்புறம் தேதி குறிக்கலாம்" என்றார் டாக்டர்.

"நான் போன் பண்ணிக் கேக்கட்டா?" என்றாள் அனுசுயா வெளியே வந்ததும்.

"வேணாம். உன்ன பேச உட்டுதான் இம்மாந்தூரம் வந்து நிக்கிறோம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் வேப்பம்பட்டுக்குப் போனான். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி நன்றாக நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாடிக்காரனை நிமிர்ந்து பார்த்தவள், அடையாளம் தெரிந்ததும் கீரைத் தட்டோடு எழுந்துவிட்டாள். அவன் படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றான்.

"இன்னா?" என்றாள்.

"ஒன்னு கேட்டுட்டுப் பூட்றேன். உனக்குக் கர்ப்பப்பை இன்னாத்துக்கும்மா எடுத்தாங்க?"

எதிர்வீட்டுப் பொன்னியம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அந்தத் தெருவுக்கு ஒலிபெருக்கி தனியாக வேண்டாம், பொன்னியம்மா போதும்.

"அத இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?"

"எனக்கும் எடுக்கணுமாம். டாக்டர் கேக்கச் சொன்னாங்க."

வேம்புலியம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பொன்னியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "உள்ள வா" என்றாள்.

உள்ளே போனதும், "கட்டிதான்" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"சாதா கட்டியா? புத்து இல்லியே?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"புத்துன்னுதான் சொன்னாங்க. எடுத்து சோதனைக்கு அனுப்சி, ரிசல்ட்டு வர்ற வரிக்கும் அப்டிதான் சொன்னாங்க. உங்கப்பனுக்குக்கூட தெரியாது. ஊட்டுக்கு வந்தப்புறம்தான் அது இல்ல, வெறுங் கட்டின்னு ரிசல்ட்டு வந்துது. அந்த வார்டுல கெடந்த வரிக்கும் சாவப் போறேன்னு நெனச்சிகினுதான் கெடந்தேன்."

"அப்றம் ஏம்மா என்னப் போயி தொணைக்கு வெச்சிகின? சின்னப் புள்ளய?"

"உங்க அத்த வரேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். கண்ண மூடறதுக்குள்ள உன்னப் பாத்துகினே இருக்கலாம்னு."

"ராணி அக்கா தம்பின்னு கூப்ட்டுதே, அது..."

"கேட்டுச்சி. அதக் கேட்டுட்டு நீ ஓடின ஓட்டத்தயும் பாத்தேன். சாவப் போறவளுக்கு ஊரு இன்னா, ஒறவு இன்னா? எம்புள்ள சந்தோசமா இருக்கட்டும்னு உட்டுட்டேன்." கீரைத் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "அப்றம் பொழச்சிகினேன். பொழச்சதும் ஊரு வாய் பயம் வந்துட்ச்சி. குட்த்தத எல்லாம் உங்கையிலருந்து புடுங்கிட்டேன். அப்பவே செத்துருந்தா உனுக்கு நல்ல அம்மாவா போயிருப்பேன்."

அவன் வாழ்க்கையிலேயே இனித்த காலம் எது என்று கேட்டால் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்? அந்தச் சாத்துக்குடியை உரித்த கை அப்போது அவனிடம் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கு அவள்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் அழுதான். அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப ஆபரேசன்? கூட யாரு இருக்கறா?" என்றாள். அவன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

முகப்பேரில் அவனுக்குத் தனி அறையாகப் பார்த்துக் கொடுத்தார் டாக்டர் மதிவதனி. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள், சினைப்பையை எடுக்கவில்லை. பகலில் வேம்புலியம்மாள், வேலை விட்டு வந்ததும் அனுசுயா. மேனாம்பேட்டு வீட்டுக்கு வந்த பிறகும் வேம்புலியம்மாள் ஊருக்குக் கிளம்பவில்லை. கஞ்சி வைத்தாள், நடக்க வைத்தாள், "குனியாதடா, டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்று அதட்டினாள். இளங்கோ என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். மருமகளோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தாள்.

இளங்கோவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் ரிசல்ட் வரவில்லை. அம்மாவை அவனுக்குத் தெரியும். அவள் அன்பு சாவைப் பார்த்தால்தான் மடை திறக்கும். ரிசல்ட் நல்லபடியாக வந்துவிட்டால்? பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்றதும் அவளுக்கு மறுபடி ஊர் ஞாபகம் வந்துவிட்டால்? ரிசல்ட் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தான். இப்படியும் ஒரு மனுஷன் நினைப்பானா என்று கேட்காதீர்கள், நினைத்தான்.

ரிசல்ட் வந்தது. தையலைக் காட்டப் போன அன்று டாக்டர் படித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லை. சாதாரணக் கட்டிதான். இனிமே நிம்மதியா இருங்க" என்றார். அனுசுயா அழுதாள். வேம்புலியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆட்டோவில் வீடு வரும் வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளங்கோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொடியில் காய்ந்த தன் சேலையை எடுத்து மடித்தாள். ஊருக்குக் கிளம்புகிறாள் என்றே அவன் நினைத்தான். மடித்த சேலையை ஓரமாக வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பழைய பட்டன் போன், அவளுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். அவள் பேசுவது வீடு முழுக்கக் கேட்டது.

"பொன்னி... நான்தான் வேம்புலி. நல்லா கீறேன். எம்பையன் ஊட்லதான் கீறேன்... எந்தப் பையனா? எனுக்கு எத்தினி கீது, ஒன்னுதானே? இளங்கோ... ஆமா, அன்னிக்கி வந்து நின்னுதே, தாடி வெச்சிகினு, அதான். கர்ப்பப்பை ஆபரேசன் ஆச்சி... ஆமாண்டி, கர்ப்பப்பைதான். எனுக்கு எடுத்தாங்களே, அதேதான்... இல்லல்ல, உயிருக்கு ஒன்னும் இல்ல. ரிசல்ட்டு வந்துட்ச்சி, நல்லா கீறான். அதாண்டி போன் பண்ணேன். நீ தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு. சந்தேகம் கீறவங்க என்ன வந்து கேக்கட்டும்."

போனை வைத்தாள். இளங்கோ சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னாடா முழிக்கற? போயி படு. கஞ்சி ஆவட்டும்" என்று அரிசியைக் களைய ஆரம்பித்தாள் வேம்புலியம்மாள்.